இரும்பு தேடும் கிருமியும் ஸ்ரீஜாவின் ஊசியும்

போன மாதம் பிந்து போன் செய்தாள். நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது நுண்ணுயிரியல் லேபை நடத்துகிறவள் அவள்.

"சாறே, புதிய ஆன்டிபயாடிக் ஒண்ணு வந்திருக்கு. இரும்பைப் பிடிச்சுக்கிட்டு கிருமிக்க உள்ள போற மருந்தாக்கும். ஐ.சி.யூ.ல ஒரு ஆளுக்குக் கொடுக்கலாமான்னு கேக்குதாங்க. டெஸ்ட் செய்ய இரும்பு இல்லாத பிராத் வேணும். நீங்க பண்டு செய்ததாக்குமே. எப்பிடி எடுத்தீங்க?"

கிருமியை வளர்க்கும் திரவத்துக்கு எங்கள் லேபில் பிராத் என்று பெயர். அதிலிருந்து இரும்பை மட்டும் எடுப்பது எப்படி என்று நின்றபடியே சொன்னேன். இரும்பை உறிஞ்சும் பிசின் மணிகள், அமிலத்தில் ஊறவைத்த கண்ணாடிகள், குழாய்த் தண்ணீரைப் பக்கத்திலேயே விடாதிருத்தல். அவள் எழுதிக்கொண்டாள். கடைசியில், "சாறு இதை எல்லாம் ஒண்ணு எழுதித் தரணும். இஞ்ச இருக்கிற ஆரும் அதைக் கண்டதில்ல," என்றாள்.

போனை வைத்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பாறசாலை ரயில் நிலையம் வரை நடந்தேன், திரும்பி வந்தேன், சட்டையை மாற்றாமல் மறுபடியும் கிளம்பினேன். என் மனைவி ரெத்னம் வாசலில் மறித்தாள்.

"ஆஸ்பத்திரிய விட்டு வந்தும் ஒங்களுக்கு இருக்க முடியல்லியா?"

கிருமிக்கு இரும்பைக் காட்டி ஏமாற்றி உள்ளே நுழையும் மருந்து. கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வாசலை நான் நேரில் பார்த்தவன். ஆனால் நான் பார்த்த நாளில் அந்த வாசல் வழியாக நுழைந்தது கிருமியைக் கொல்லும் மருந்தல்ல.

படிப்புக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாறசாலைப் பள்ளி, நெய்யாற்றின்கரையில் கல்லூரி, பிறகு திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி. நுண்ணுயிரிகள் இரும்பை எப்படிப் பற்றி உள்ளே கொண்டுபோகின்றன என்பதுதான் பொருள். முதல் வருடம் முழுக்க எனக்கு எதிரி கிருமி அல்ல, இரும்புதான். எங்கள் பக்கத்து மண் சிவப்பு. பல கிணறுகளில் தண்ணீர் இறைத்து வைத்தால் மறுநாள் குடத்துக்கு அடியில் செம்பழுப்பாகப் படிந்திருக்கும். அந்த ஊரில் பிறந்தவன் இரும்பே இல்லாத ஒரு தம்ளர் தண்ணீர் தயாரிக்கப் பட்ட பாட்டைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கழுவிய சோதனைக்குழாயில் இருந்து வரும், உப்பில் இருந்து வரும், என் விரலில் இருந்துகூட வரும்.

விஷயம் இதுதான். நம் உடம்பில் இரும்பு நிறைய உண்டு. ஆனால் அது தனியாக அலைவதில்லை. ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரியும். இரும்பில்லாமல் கிருமியால் பெருக முடியாது. அதனால் பல கிருமிகள் சிடரோபோர் என்னும் சிறு பொருளைச் செய்து வெளியே விடும். அது இரும்பை டிரான்ஸ்ஃபெரினிடமிருந்து பறித்துக்கொண்டு கிருமியின் வெளிச்சுவருக்கு வரும். அங்கே அதை அடையாளம் கண்டு உள்ளே விடுவதற்கென்றே ஒரு வாசல் புரதம் இருக்கும். ஒவ்வொரு வகை சிடரோபோருக்கும் வேறு வேறு வாசல். உள்ளே வந்ததை இரண்டு சுவர்களுக்கு நடுவே நிற்கும் இன்னொரு புரதம் வாங்கி உள்சுவருக்குக் கொண்டு சேர்க்கும். உள்சுவரில் இருக்கும் பம்பு அதைக் கிருமிக்குள் தள்ளும். என் ஆராய்ச்சி அந்த நடுப் புரதத்தைப் பற்றியது. சில கிருமிகள் சிடரோபோர் செய்யவே செய்யாது. ஆனால் வேறு கிருமி செய்த சிடரோபோருக்கு வாசல் மட்டும் வைத்திருக்கும். இது எனக்கு அன்று ஒரு வேடிக்கையான செய்தி, அவ்வளவுதான்.

ஆராய்ச்சி முடிந்தபோது ஆராய்ச்சி வேலை கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி லேபில் இடம் இருந்தது. போனேன்.

அங்கே என் மேலதிகாரி டாக்டர் சரோஜினி. மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, பேச்சில் பாதி மலையாளம். அவர் லேபில் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. காலையில் வந்ததும் ஜன்னலோரம் நின்று, இன்குபேட்டரில் இருந்து எடுத்த, கிருமி வளரும் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு, முடிவைக் கேட்க மாட்டார்.

"ஆளுக்க பேரு?"

நோயாளியின் பெயரைச் சொல்ல வேண்டும். எண்ணைச் சொன்னால் கை நீட்டியபடி அப்படியே நிற்பார். பெயர், வயது, எந்த வார்டு, என்ன கஷ்டம். அதற்குப் பிறகுதான் கிருமியின் பெயர். "இருக்கலாம்" என்ற சொல் அவருக்கு ஆகாது.

"இருக்கலாம்ணு செல்லாண்டாம் ஜெபராஜே. கண்டியா? கண்டதைச் செல்லு. காணல்லேன்னா காணல்லேன்னு செல்லு."

முதல் மாதங்களில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நான் புரதங்களின் எடையை மில்லிகிராமின் பின்னத்தில் அளந்து வந்தவன். என்னைப் போய் வார்டு வார்டாக நோயாளியின் பெயர் கேட்டு வர அனுப்புகிறாரே என்று இருந்தது.

ஒரு நாள் பூவாரில் இருந்து மீன்பிடித் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். முழங்காலில் புண் ஏற்பட்டு, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. ரத்தசோகையும் இருந்ததால் இரும்பு ஊசி போடலாமா என்று வார்டில் பேச்சு நடந்தது. நான் லேபில் வாய்க்குள் முணுமுணுத்தேன்: "இப்பம் இரும்பு போட்டா கிருமிக்கில்லியா போவும்." டாக்டர் சரோஜினி காதில் விழுந்துவிட்டது. என்னை நிறுத்தி வைத்து முழுவதையும் கேட்டார். வாசல், நடுப் புரதம், பம்பு எல்லாவற்றையும். கேட்டு முடித்ததும் வார்டுக்குப் போன் செய்தார். அந்த டாக்டரும் அதே சந்தேகத்தில்தான் இருந்திருக்கிறார். காய்ச்சல் அடங்கும் வரை தள்ளி வைத்தார்கள். போனை வைத்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார்.

"இதைப் படிச்சிட்டா நீ இஞ்ச வந்து சும்மா இருந்த?"

அன்றிலிருந்துதான் நான் அந்த லேபில் வேலை பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

இனி ஸ்ரீஜாவின் கதை.

இஞ்சிவிளைக்காரி. தமிழ்நாட்டு எல்லைக்குக் கல்லெறி தூரத்தில் வீடு. அப்பா டைல்ஸ் பதிக்கிறவர். அம்மா வசந்தா வீட்டில் தையல் எந்திரம் வைத்திருந்தாள். பிள்ளைக்குப் பதினான்கு வயது. பிறந்த வருடமே தலசீமியா என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைச் செய்யாது. மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்தோடு இரும்பும் ஏறும்; அதை வெளியேற்ற உடம்புக்கு வழி தெரியாது. ஈரலிலும் இருதயத்திலும் படிந்து இருதயத்தை நிறுத்திவிடும். அதற்கு அந்தக் காலத்தில் இருந்த மருந்து டெஸ்ஃபெராக்ஸமின். மாத்திரை இல்லை. வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி, கையடக்கமான பேட்டரிப் பம்பில் மருந்தை மாட்டி, சாயங்காலம் தொடங்கி விடியும் வரை சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். மருந்து இரும்பைப் பிடித்துக்கொண்டு மூத்திரத்தில் இறங்கும். காலையில் மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போகும். அந்த நிறத்தைப் பார்த்தால்தான் வசந்தாவுக்கு அன்றைய நாள் தொடங்கும்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் ஸ்ரீஜாவுக்குக் கடும் காய்ச்சல், வலது அடிவயிற்றில் வலி. கை வைத்தால் துடித்தாள். குடல்வால் என்று சந்தேகித்து சர்ஜன் அறுவைக்கு நாள் குறித்துவிட்டார். அவர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. எல்லாக் குறியும் அதைத்தான் காட்டின. ஸ்கேனில் மட்டும் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை.

அவள் ரத்தம் சேர்த்த கல்ச்சர் பாட்டில் காலையில் கலங்கியிருந்தது. ஒரு சொட்டு எடுத்துச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். சிவப்பாகச் சிறிய குச்சிகள். அப்படிக் குச்சியாகத் தெரியும் கிருமிகள் ஏராளம். முந்தின நாள் சாயங்காலமே அந்தப் பாட்டிலில் இருந்து தடவி வைத்த பிளேட்டில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளிகள் வந்திருந்தன. எங்கள் பக்கத்தில் சாதாரணமாகக் காணும் கிருமிகள் அத்தனை நேரத்தில் கொழுத்து வளர்ந்திருக்கும். இது வளரத் தயங்குவது போல இருந்தது.

டாக்டர் சரோஜினி பிளேட்டைச் சாய்த்தார். "ஆளுக்க பேரு?"

"ஸ்ரீஜா. பதினாலு வயசு. அடிவயித்துல வலி. தலசீமியா."

கடைசிச் சொல் என் வாயில் இருந்து வந்தபோதுதான் எனக்கே அது கேட்டது. அவரிடம் ஒன்றும் சொல்லாமல் வார்டுக்கு ஓடினேன்.

கட்டில் பக்கத்தில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கண்ணை மூடிக் கிடந்தாள். போர்வைக்கடியில் இருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து பம்பில் முடிந்தது. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. பகலிலும்.

"இதை நிறுத்தல்லியா?"

"நேத்து ரத்தம் எடுக்கும்போ கொஞ்சம் முடங்கிச்சு சாறே. அதைச் சேத்து இப்பம் போடுதேன்," என்றாள் வசந்தா பெருமையாக.

லேபுக்குத் திரும்பி வந்து சொன்னேன். யெர்சினியா என்று ஒரு கிருமி உண்டு. குடலில் புகுந்து, குடல்வால் போலவே வலி தரும். நம் பக்கத்தில் அபூர்வம். இந்த வகை யெர்சினியாவுக்குச் சொந்தமாக சிடரோபோர் செய்யத் தெரியாது. ஆனால் வெளிச்சுவரில் ஒரு வாசல் வைத்திருக்கிறது. எந்த சிடரோபோருக்கு? மண்ணில் வாழும் வேறொரு நுண்ணுயிரி செய்கிற ஒன்றுக்கு. அந்த சிடரோபோரைத்தான் பிரித்தெடுத்து மருந்தாக்கி, டெஸ்ஃபெராக்ஸமின் என்று புட்டியில் அடைத்திருக்கிறோம். அந்தப் பம்பு பிள்ளையின் உடம்பில் இருந்து இரும்பைப் பிடிக்கிறது. பிடித்ததில் ஒரு பங்கைக் கிருமி வாசலைத் திறந்து வாங்கிக்கொள்கிறது.

டாக்டர் சரோஜினி வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கண்டியா?"

"இல்ல மேடம். யெர்சினியான்னு உறுதி செய்ய நாளைக் காலத்த வரை வேணும்."

"காணாம பின்ன எப்பிடி செல்லுவ?"

"செல்லல்ல. ஆனா பம்பு ஓடிக்கிட்டு இருக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். என் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. அலமாரிக்கும் மேசைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன்.

"நில்லு. நிறுத்தினா பிள்ளைக்கு என்ன போவும்?"

"கொஞ்ச நாளு இரும்பு கூடும். பின்ன எடுத்துக்கலாம்."

"நிறுத்தாட்டா?"

அவர் ஏற்கெனவே போனை எடுத்துவிட்டார். முதலில் குழந்தை மருத்துவரிடம் பேசினார். பம்பை நிறுத்தவும் ஆன்டிபயாடிக்கை மாற்றவும் அவர் உடனே ஒப்புக்கொண்டார். பிறகு சர்ஜன். அவரிடம் பேசிய விதத்தை நான் என் வேலைக்காலம் முழுக்கப் பின்பற்ற முயன்றிருக்கிறேன்.

"கத்தி ஒங்களுக்க கையிலாக்கும். அதுல நான் ஒண்ணும் செல்ல மாட்டேன். நான் கண்டது இது: ரத்தத்துல கிருமி உண்டு, பைய வளருது. நான் காணாதது இது: அது யெர்சினியாதானான்னு. நாளைக் காலத்த கண்டிருப்பேன். அதுவரை பொறுக்கலாமா, பொறுக்கக் கூடாதான்னு ஒங்களுக்க கை சொல்லட்டும்."

சர்ஜன் வார்டுக்கு வந்து மறுபடியும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வலி கூடினால் அந்த நிமிஷமே அறுப்பேன் என்று சொல்லிப் பொறுத்தார். அன்று முழுக்க அவர் அந்தக் கட்டிலை விட்டு அதிக தூரம் போகவில்லை.

வசந்தாவிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. நர்ஸ் பம்பை எடுக்கப் போனபோது அவள் நடுவில் வந்து நின்றுவிட்டாளாம்.

"இதை நிறுத்தப்பிடாதுன்னு சொல்லித் தந்தது நீங்கதானே," என்றாள் என்னிடம். நான் இல்லை, ஆனால் வெள்ளைக்கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் அவளுக்கு ஒன்றுதான். "கல்யாண வீட்டுக்குப் போனாலும் பம்போட போனேன். எனக்க அம்மை செத்த அன்னைக்கும் பிள்ளைக்குக் குத்திட்டாக்கும் கிளம்பினேன். ஒரு நாளு முடக்கினதில்ல சாறே."

எனக்குத் தெரிந்ததை எளிதாக்கிச் சொன்னேன். மருந்து இரும்பைப் பிடிக்கிறது, இந்தக் கிருமி அந்த மருந்தைப் பிடிக்கிறது. நல்ல நாளில் அது மருந்து. இந்தக் கிருமி உள்ளே இருக்கும் நாளில் அதுவே இரை.

வசந்தா மெதுவாகக் கேட்டாள்.

"அப்பம் நானாக்குமா அதுக்குச் சோறு போட்டது?"

"இல்ல. நீங்க குத்தின ஊசி இல்லேன்னா இவளுக்க இருதயம் பண்டே நின்னு போயிருக்கும். இது அந்தக் கணக்குல சேராது."

அவள் நம்பினாளா தெரியாது. நர்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள். போர்வையை விலக்கி, பம்பைத் தானே அணைத்து, ஊசியைத் தானே உருவி, அந்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

யெர்சினியாவுக்கு ஒரு குணம் உண்டு. நம் உடம்புச் சூட்டில் அசையாமல் கிடக்கும்; குளிர்ந்த இடத்தில் நீந்தும். இரண்டு சோதனைக்குழாய்களில் கிருமி வளர உதவும், பாதி உறைந்த ஊடகம் எடுத்து, ஊசியை நேராக இறக்கிக் கிருமியை வைத்தேன். ஒன்றை உடம்புச் சூட்டில் ஓடும் இன்குபேட்டரில் வைத்தேன். இன்னொன்றை ஊடகங்கள் வைக்கும் ஏ.சி. அறையில், அலமாரித் தட்டில். இன்குபேட்டரில் குத்திய கோட்டிலேயே நின்று, ஏ.சி. அறையில் மட்டும் பரவியிருந்தால் நாம் நினைத்தது சரி.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனேன். அமரவிளை தாண்டும்போது டிரைவர் ஒரு லாரிக்குப் பின்னால் மெதுவாகப் போக, இருக்கையில் இருக்க முடியாமல் எழுந்து படிக்கட்டில் போய் நின்றேன். லேப் கதவருகே டாக்டர் சரோஜினி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். சாவி அவரிடம் இருந்தது. ஆனாலும் திறக்கவில்லை.

"நீ வச்சது. நீயே எடு."

இன்குபேட்டர் குழாயில் நேர்கோடு, நூல் பிடித்தது போல. ஏ.சி. அறைக் குழாய் மேலிருந்து கீழ்வரை கலங்கிப் புகைமூட்டமாக இருந்தது. யூரியாவில் வைத்திருந்த இன்னொரு குழாய் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. அதுவும் யெர்சினியாவின் அடையாளம்தான்.

"கண்டேன் மேடம்," என்றேன்.

"ஆளுக்க பேரு சேத்து செல்லு."

"ஸ்ரீஜாவுக்க ரத்தத்துல யெர்சினியா."

சர்ஜன் அறுவையைக் கைவிட்டார். காய்ச்சல் உடனே இறங்கவில்லை, இறங்கும், ஏறும். பிறகு ஒரு காலை அவள் தோசை கேட்டாள் என்று நர்ஸ் வந்து சொன்னாள். பம்பு சில வாரம் ஓய்வில் இருக்கட்டும், கிருமி முழுக்கப் போனதும் தொடங்கலாம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பெரும்பாலும் இந்த இடத்தில் கதை முடியும். முடியவில்லை.

பம்பைத் தொடங்கச் சொன்ன வாரம் வசந்தா லேபுக்கே வந்துவிட்டாள். வெளியே நின்று கதவுக் கண்ணாடியில் தட்டினாள்.

"அவ குத்த விடமாட்டேங்கா சாறே. அன்னைக்கு நீங்க எனக்கிட்ட சொன்னது முழுக்க கண்ண மூடிக்கிட்டுக் கேட்டிருக்கா. அது கிருமிக்க சோறு, எனக்கு வேண்டாம்ங்கா. ஊசியத் தூக்கிக் கிணத்துல போட்டுட்டா."

அன்றைக்குச் சொன்னதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. சொல்லாமல் அந்தப் பம்பை நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் இரும்பு காத்திருக்காது. ரத்தம் ஏற்றுவது நிற்கவில்லை, இறக்குவது நின்றுவிட்டது. ஒவ்வொரு வாரமும் அவள் இருதயத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அது படியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே இஞ்சிவிளைக்குப் போனேன். ஸ்ரீஜா தையல் எந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. அவள் மெலிந்த முகத்தில் கண்கள் மட்டும் பெரியவளுடையவை போல இருந்தன.

"இனி வராதுன்னு செல்லுவீங்களா சாறே? அது பின்னயும் உள்ள வராதுன்னு?"

வராது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. எப்படி அவளுக்குள் வந்தது என்றே எங்களுக்குத் தெரியாது. அவர்கள் கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதித்தேன், ஒன்றுமில்லை. பால், சாப்பாடு எதிலும் தடயம் கிடைக்கவில்லை. இன்று வரை தெரியாது.

"செல்ல முடியாது," என்றேன்.

"பின்ன எனக்கு வேண்டாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் நடந்தே வந்தேன். அடுத்து வந்த நாட்களில் லேபில் ஒரு வேலையும் ஒழுங்காக ஓடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் என் பழைய ஆராய்ச்சி வேலைக்குத் திரும்பினேன். இரும்பை இறுக்கிப் பூட்டிய ஊடகத்தில் ஸ்ரீஜாவின் கிருமியைப் பரப்பி, நடுவில் ஒரு காகித வட்டத்தில் டெஸ்ஃபெராக்ஸமின் சொட்டு வைத்தேன். மறுநாள் அந்த வட்டத்தைச் சுற்றி மட்டும் கிருமி வளையமாக வளர்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் வெறுமை. இன்னொரு பிளேட்டில் நீல ஊடகம். அதன் நீலத்தில் இரும்பு கட்டுண்டு இருக்கிறது. மருந்துச் சொட்டு விழுந்த இடம் ஆரஞ்சு நிறமானது. மருந்து இரும்பைப் பறித்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது பிளேட்டில், அதே நீலத்தில், கிருமியைத் தனியாக வைத்தால் நீலம் நீலமாகவே இருந்தது. தனியாக அதற்கு ஒன்றும் முடியாது.

டாக்டர் சரோஜினி மூன்றையும் சாய்த்துப் பார்த்தார்.

"அவளுக்கிட்ட நீ உறுதி செல்லல்ல. அது நல்லது. கேட்டு அரண்டு கிடக்கிற பிள்ளையாக்கும். கண்டா என்ன செல்லுதான்னு பாப்பம். கூட்டிக்கிட்டு வா."

அடுத்த முறை ரத்தம் ஏற்ற வந்தபோது அவளை லேபுக்கு வெளியே உள்ள சின்ன அறையில் உட்கார வைத்தோம். நாடா சுற்றி மூடிய பிளேட்டுகளை மேசையில் வைத்தேன். எதற்கு எது என்று மட்டும் சொன்னேன். வசந்தா சுவரோடு சாய்ந்து நின்றாள், பார்க்கப் பயந்து.

ஸ்ரீஜா வளையம் இருந்த பிளேட்டைத் தூக்கி டாக்டரைப் போலவே வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"இது எனக்க கிருமியா?"

"ஒனக்க ரத்தத்துல இருந்து எடுத்தது."

நீல பிளேட்டையும் எடுத்தாள். ஆரஞ்சு வட்டத்தை மூடிக்கு மேலேயே விரலால் சுற்றினாள். நான் எழுந்து நடக்கப் பார்த்தேன். டாக்டர் சரோஜினி என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவரும் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இது நெறத்த மாத்துது. இந்த வேலையத்தான் எனக்க வயித்துலயும் செய்யுதா?"

"ஆமா."

"கிருமி இல்லேன்னா இரும்பு மூத்திரத்துல போவும். கிருமி இருந்தா அதுக்குப் போவும்."

"ஆமா."

"அப்பம் உடம்பு சூடாகிப் பனி வந்தா அந்த நிமிஷம் நிறுத்தணும். பனி இல்லாத நாளு போடணும்."

"அதேதான் மக்கா," என்றார் டாக்டர் சரோஜினி.

ஸ்ரீஜா பிளேட்டைக் கீழே வைத்தாள். "நிறுத்துறது நானாக்கும். அம்மையும் இல்ல, டாக்டர்மாரும் இல்ல. உடம்பு சூடானா எனக்கில்லியா முதல்ல தெரியும். ஆருக்கிட்டயும் கேக்காம நிறுத்துவேன். சம்மதிச்சா போடுதேன்."

குழந்தை மருத்துவரிடம் கேட்டோம். காய்ச்சல் வந்தால் பம்பை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டு அவர் சம்மதித்தார். அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"குத்துறதும் நானே."

வசந்தா சுவரை விட்டு நிமிர்ந்தாள். "ஒனக்குக் கை நடுங்கும் மக்களே."

"நடுங்கட்டு."

ஸ்ரீஜாவுக்கு இப்போது இரும்பை இறக்க மாத்திரை இருக்கிறது. பம்பு எங்கோ அலமாரியில் கிடக்கும். திருவனந்தபுரத்தில் கணக்கெழுதும் வேலை பார்க்கிறாள். நடுவில் காய்ச்சல் வந்தபோதெல்லாம் தானே நிறுத்தி, தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து, வரிசையில் உட்காருவதற்கு முன் நிறுத்திவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் கிருமி பிறகு அவளுக்குள் வரவில்லை. டாக்டர் சரோஜினி இப்போது இல்லை.

பிந்துவின் போனுக்குப் பிறகு இந்த நாட்களில் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது இஞ்சிவிளையில் ஒரு சாயங்காலம். அவள் முதல்முறை தானே குத்தப் போகிறாள் என்று கேட்டு, இருக்க முடியாமல் நானும் போய் நின்றேன். பாயில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கிப் பிடித்து, ஊசியை வைத்து எடுத்தாள். மறுபடியும் வைத்து எடுத்தாள். வசந்தா கதவருகே நின்று, தன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள், அப்படிப் பிடிக்க வேண்டும் என்று மகளுக்குக் காட்டுவது போல. மகள் அவளைப் பார்க்கவே இல்லை. மூன்றாவது முறை ஊசி உள்ளே போனது. ஸ்ரீஜா பிளாஸ்திரியை ஒட்டினாள், பம்பை இடுப்பில் சொருகினாள், பாடப் புத்தகத்தை இழுத்துக்கொண்டாள்.

வசந்தா முற்றத்துக்கு வந்தாள். நானும் வந்தேன். அவள் தன் கைகளை முந்தானையில் துடைத்தாள். ஈரமே இல்லாத கைகள். மீண்டும் துடைத்தாள்.

"பத்து வருஷமா வைகிட்டு இந்த நேரத்துல எனக்குக் கையொழிஞ்சு இருந்ததில்ல," என்றாள். "இனி வைகிட்டு நான் என்ன செய்ய சாறே?"